பழகிய கையும் புதிய தளமும்

“தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்” என்பது நம் தந்தையார் அடிக்கடி கூறும் பழமொழி. பிறருடைய பழக்கங்களைக் கண்டிக்கும்போதுதான் அது அவர் வாயில் வரும். 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு நாள் அதே பழமொழியைத் தமக்குக் கேடயமாக அவர் எடுத்துக்கொண்டார். வீட்டுக் கணிப்பொறியில் விண்டோசை நீக்கிவிட்டு லினக்சை அமைக்கலாமா என்று நாம் கேட்டதுதான் காரணம்.

தந்தையார் ஓய்வுபெற்ற ஆசிரியர். இளமையில் தட்டச்சுப் பள்ளியில் தமிழ்த் தட்டச்சு பயின்று தேறியவர். கணிப்பொறி வந்த பின்பும் அதே விசையமைப்பில், ‘பாமினி’ என்னும் எழுத்துருவில் தட்டச்சு செய்துவந்தார். தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் நம் வீட்டுக்கே வருவர். அவ்வேலைகளுக்கிடையே, மறைந்த நம் அன்னையாரைப் பற்றிய நினைவுகளையும் சிறிது சிறிதாக அவர் எழுதிவந்தார். நூற்றெண்பது பக்கங்கள் சேர்ந்திருந்தன. அதை எவரிடமும் அவர் காட்டியதில்லை.

மாற்றம் ஏன்?

கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று, எல்லாவற்றையும் ஒழுங்காக இயக்குவதே இயங்குதளம். 2015 ஜூலையில் வெளிவந்த ‘விண்டோஸ் 10’ என்னும் தளத்திற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த ஆதரவு, 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. மறுநாள் காலை கணிப்பொறிகள் நின்றுவிடவில்லை. ஆயினும், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகள் அதில் வழக்கம்போல் அடைக்கப்படமாட்டா. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பெறுவதற்குத் தனி ஏற்பாடு ஒன்று செய்யப்பட்டது. அடுத்த பதிப்பான ‘விண்டோஸ் 11’ வேண்டுமென்றால், அதற்குத் தனியான பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் தேவை. 2014-இல் வாங்கிய நம் கணிப்பொறியில் இவை இல்லை.

“இனி இது பழைய சாமான்தான்” என்றார் பழுது பார்ப்பவர். வங்கிக் கணக்கையும் அதே கணிப்பொறியில் பார்ப்பவர்கள் நாம். காப்பில்லாமல் வைத்திருக்க அச்சம். நன்றாக ஓடும் ஒன்றை எறியவோ மனமில்லை. கல்லூரியில் பயிலும் நம் மகள்தான் லினக்சைப் பற்றிச் சொன்னாள்.

1991-இல் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய உட்கருவும், 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகளும் சேர்ந்து உருவானதே இத்தளம். அதன் மூல நிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் தரலாம். அதன் வகைகளுள் ஒன்றான ‘லினக்ஸ் மின்ட்’ விலையின்றிக் கிடைப்பது. பழைய கணிப்பொறிகளிலும் ஓடக்கூடியது.

இரு நாடுகளின் அனுபவம்

இம்மாற்றத்தை நமக்கு முன்பே பெரிய அளவில் செய்தவர்கள் உண்டு. பிரான்சு நாட்டின் ஜெண்டார்மரி எனப்படும் காவற்படை, எடுத்த எடுப்பில் இயங்குதளத்தை மாற்றிவிடவில்லை. 2005-இல் அலுவலக மென்பொருளையும், அடுத்து இணைய உலாவியையும், பழைய விண்டோசிலேயே மாற்றியது. அவை கைக்குப் பழகிய பின்னரே, 2008 முதல் தளத்தை மாற்றத் தொடங்கியது.

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சியோ 2003-இல் லினக்சுக்கு மாறத் தீர்மானித்தது. பத்தாண்டு உழைப்பில் 14,000-க்கு மேற்பட்ட கணிப்பொறிகளையும் மாற்றியது. ஆயினும் 2017-இல் மீண்டும் விண்டோசுக்கே திரும்ப நகரமன்றம் முடிவெடுத்தது. பொறிகளை மாற்றிவிட்டதாலேயே ஒரு மாற்றம் நிலைத்துவிடுவதில்லை என்பதை நாம் இதிலிருந்து கண்டுகொண்டோம். பழக வேண்டியவை பொறிகளல்ல; கைகள் அன்றோ?

நம் வீட்டில்

ஆகவே பிரெஞ்சுக் காவற்படையின் வழியையே நாமும் பின்பற்றினோம். முதலில் விண்டோசிலேயே ‘லிப்ரே ஆஃபீஸ்’, ‘ஃபயர்ஃபாக்ஸ்’ ஆகிய இரண்டையும் நிறுவினோம். தந்தையார் முணுமுணுத்தார், ஆனால் மூன்று வாரங்களில் பழகிக்கொண்டார். பின்பு லினக்சை ஒரு பென்டிரைவில் ஏற்றி, உள்ளிருக்கும் எதையும் அழிக்காமல், அதிலிருந்தே கணிப்பொறியை இயக்கிப் பார்த்தோம். திரையும் ஒலியும் இணையமும் சரியாக இருந்தன. கோப்புகளையெல்லாம் வெளித் தட்டு ஒன்றில் படியெடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிறு மாலை விண்டோசை நீக்கினோம்.

இரவு தந்தையார் தம் கோப்பைத் திறந்தார். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே பக்கம் பக்கமாக நின்றன. ‘அம்மா’ என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இருந்தது. அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. கணிப்பொறியை நிறுத்திவிட்டு, உண்ணாமலே படுக்கச் சென்றார். அவர் கோபித்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் உருவங்களை அமைத்து ஆக்கப்பட்டவை. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அடியிலுள்ள ஆங்கில எழுத்துகளே தெரியும். யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி இடங்கள் உண்டு. அதில் இத்தொல்லை இல்லை. நாம் கோப்புகளைப் படியெடுத்தோமே அன்றி, எழுத்துருவைப் படியெடுக்க மறந்துபோனோம்.

மறுநாள் காலை, தெருமுனையிலுள்ள டி.டி.பி. கடையிலிருந்து மகள் அவ்வெழுத்துருவை வாங்கிவந்தாள். அதை நிறுவியதும் நூற்றெண்பது பக்கங்களும் பழையபடி தமிழாகத் திரண்டு நின்றன. “தாத்தா, வந்து பாருங்கள்” என்றாள். அவர் வந்து முதற்பக்கத்தை மெல்லப் படித்துப் பார்த்தார். “எல்லாம் இருக்கிறதம்மா” என்றார்.

இனியொரு முறை இந்நிலை வரலாகாது என்று, அக்கோப்பை யூனிகோடுக்கு மாற்றினோம். மாற்றும்போது சில பிழைகள் நேர்ந்தன. அவற்றைத் திருத்துவதற்காகத் தாத்தாவும் பேத்தியும் இரவுதோறும் அருகருகே அமர்ந்து முழுவதையும் படித்தனர். பாட்டியை நன்கு அறியுமுன்பே இழந்துவிட்ட பெண் அவள். எவரிடமும் காட்டாத ஏடு அவளிடம் அவ்வாறு வந்து சேர்ந்தது.

தமிழ்த் தட்டச்சுப்பொறியின் விசையமைப்பு லினக்சிலும் உண்டு. ஆதலால் தந்தையாரின் விரல்கள் எதையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. ஆயினும் எல்லாமே எளிதாக முடிந்தது என்று கூறமாட்டோம். நம் பழைய ஸ்கேனர் இன்னும் இணங்கவில்லை. விண்டோசுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருள்களை நம்பித் தொழில் செய்வோர், அவை லினக்சில் ஓடுமா என்று அறிந்த பின்னரே மாறுவது நன்று.

மாற விரும்பும் குடும்பத்தார்க்கு நாம் கூறுவது இதுவே: கோப்புகளை இரண்டு இடங்களில் படியெடுங்கள், பழைய எழுத்துருக்களையும் மறவாது சேர்த்துக்கொள்ளுங்கள், பென்டிரைவில் இயக்கிப் பார்த்த பின்னரே தட்டில் கைவையுங்கள். யாவற்றுக்கும் மேலாக, அக்கணிப்பொறியில் அதிகம் உழைப்பவர் எவரோ, அவருடைய கைக்கு முதலில் காலம் கொடுங்கள்.

நினைவுக் குறிப்புகள் இப்போது இருநூறு பக்கங்களைத் தாண்டிவிட்டன. தந்தையாரின் பழமொழி மட்டும் மாறவில்லை; அது மறுபடியும் பிறருக்காகவே பயன்படுகிறது.