சித்திரக் கதைகளும் பெயர் மறைந்த ஓவியரும்

சித்திரக் கதை என்ற மாத்திரத்தே கற்றோர் பலருடைய நினைவிலே தோன்றுவது, மாணாக்கன் ஒருவன் பாடநூலின் உள்ளே மறைத்து வைத்து வாசிக்கும் மலிவுத் தாட்புத்தகமே. ஆசிரியர் அதனைப் பறிப்பதும், மாணாக்கன் தலைகுனிந்து நிற்பதும், பறித்த புத்தகத்தை ஆசிரியரே ஓய்வறையில் இருந்து இரகசியமாக வாசித்து முடிப்பதும் பாடசாலைகளிலே வழிவழி நிகழ்ந்துவரும் செய்திகளாம். இவ்வகை நூல்களைத் தீட்டிய ஓவியர் யாவர், எந்நாட்டினர், அவர்தம் பெயர் ஏன் வாசகரை எட்டவில்லை என்பன பற்றி ஆராய்ந்தோர் நம்மிடையே மிகச் சிலர். அவ்வினாக்களே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

ஓவியத்தை வரிசைப்படுத்திக் கதை சொல்லுதல் மேலைநாட்டார் நமக்கு அளித்த புதுமை என்று எண்ணுவது பொருந்தாது. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றிலே சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாறு முதலாம் இராசராசன் காலத்தே தீட்டப்பட்டுள்ளது. மணப்பந்தரிலே முதிய வேதியர் ஓலை காட்டி வழக்குரைப்பது ஒரு காட்சி. யானைமீது சுந்தரரும் குதிரைமீது சேரமான் பெருமாளும் கயிலைக்கு ஏகுவது பிறிதொரு காட்சி. நாயக்கர் காலத்துப் பூச்சின் கீழ் மறைந்துகிடந்த இவ்வோவியங்களை 1931ஆம் ஆண்டிலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்து உலகுக்கு உணர்த்தினார்.

திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்து விதானம் இன்னும் ஒருபடி நமது பொருளுக்கு அணித்தாக நிற்பது. முசுகுந்தச் சக்கரவர்த்தி இந்திரனிடமிருந்து தியாகேசப் பெருமானைத் திருவாரூருக்கு எழுந்தருளச் செய்த கதை அங்கே பட்டை பட்டையாகப் பகுக்கப்பட்டு, காட்சிதோறும் தமிழில் விளக்க வரிகளும் எழுதப்பட்டுள்ளது. படமும் எழுத்தும் ஒன்றையொன்று தழுவிக் கதையை நடத்துதல் என்ற இலக்கணம் இதனினும் தெளிவாக வேறெங்கும் அமையுமா என்பது ஐயமே. இதனினும் வியப்புக்குரியது ஒன்றுண்டு. இதனைத் தீட்டிய ஓவியன் சிங்காதனம் தன் உருவத்தையும் அங்கே வரைந்து, தன் பெயரையும் எழுதி வைத்துள்ளான். நம் மலைநாட்டிலும் கண்டிக்கு அண்மையிலுள்ள தெகல்தொருவை விகாரையிலே வெஸ்ஸந்தர, சுதசோம சாதகக் கதைகள் செந்நிறப் பின்னணியில் நீண்ட வரிசைகளாக ஓடுகின்றன. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வோவியங்களைத் தீட்டியோருள் தேவரகம்பொல சில்வத்தென்னை என்பார் பெயரும் வரலாற்றில் நிலைத்துள்ளது. பழங்காலத்தார் பெயரை விரும்பாது பணி செய்தனர் என்று பொதுவாகச் சொல்லப்படும் கூற்றினை இவ்விரு பெயர்களும் மறுத்து நிற்கின்றன. ஓவியர் பெயரை மறைத்த பழி அச்சியந்திரக் காலத்துக்கே பெரிதும் உரியது.

இனி அச்சில் வந்த கதைகளை நோக்குவாம். தமிழ்நாட்டிலே தினத்தந்தி நாளிதழில் 1960ஆம் ஆண்டு தொடங்கிய ‘கன்னித்தீவு’ ஓவியர் கணுவின் கைவண்ணம். நாளொன்றுக்குச் சில கட்டங்களே வெளிவந்தும், தலைமுறை பல கடந்தும் முடியாத கதையாக அது நீண்டமையால், முடிவுறாத எந்தக் காரியத்தையும் கன்னித்தீவு எனச் சுட்டும் வழக்கே தமிழில் உண்டாயிற்று. எனினும் தமிழ்ச் சிறுவரைச் சித்திரக் கதைக்கு அடிமைப்படுத்திய பெருமை அல்லது பழி, 1972ஆம் ஆண்டிலே சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ் வெளியீட்டையே சாரும். அதன் முதல் நூல் ‘இரும்புக்கை மாயாவி’. முருகன் படமிட்ட நாட்காட்டிகளைத் தோட்டத்து வீடுகள்தோறும் தொங்கச் செய்த அதே சிவகாசி அச்சுத்தொழில்தான் மாயாவியையும் அளித்தது என்பது நினைவுகூரத்தக்கது.

இரும்புக்கை மாயாவியின் பிறப்பிடம் இங்கிலாந்து. ‘வேலியண்ட்’ என்னும் சிறுவர் வார இதழ் 1962ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆம் நாள் தன் முதல் இதழிலேயே இக்கதையைத் தொடங்கிற்று. ஆய்வுகூட உதவியாளனான லூயிஸ் கிராண்டல் விபத்தொன்றில் வலக்கையை இழந்து, இரும்புக்கை பொருத்தப்பெறுகின்றான். மின்சாரம் உடலிற் பாய்ந்தவுடன் அவன் உருவம் மறைகின்றது. இரும்புக்கை மட்டும் மறையாது நிற்கின்றது. முதலிலே தீயவழியிற் சென்ற அவன் பின்னர்த் திருந்தி, நிழற்படை என்னும் இரகசிய அமைப்பின் வீரனாகின்றான். கதையை முதலில் எழுதியவர் கென் புல்மர். பின்னர்ப் பெரும்பகுதியை எழுதியவர் டொம் டல்லி. படந் தீட்டியவரோ ஆங்கிலேயர் அல்லர். ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகரத்தவரான ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919இற் பிறந்த இவர் 1995இல் மறைந்தார். இவருடைய உடன்பிறந்தோரும் ஓவியர்களே. குடும்பத்தார் கூடியிருந்து பணிசெய்யும் கூடமாகவே அவர் இல்லம் விளங்கிற்று.

கண்ணுக்குப் புலனாகாத ஒருவனைத் தலைவனாகக் கொண்ட கதையை ஓவியத்தால் நடத்துதல் எளிதன்று. காட்ட வேண்டியதோ இல்லாத ஒன்று. பிளாஸ்கோ இதனை வென்ற முறை கருதத்தக்கது. அந்தரத்தில் மிதக்கும் ஒரு கை. அதனைக் கண்டு நடுங்கும் காவலன் முகம். கதவின் பிடி தானே திரும்புவது போன்ற தோற்றம். இம்மூன்றையும் வெவ்வேறு கட்டங்களில் வைத்து, இடையே நின்ற உடலை வாசகனே கற்பித்துக் கொள்ளுமாறு விட்டுவிடுகின்றார். ஒளியும் இருளும் கலந்த தெருக்களையும் மழையில் நனைந்த சுவர்களையும் ஏறத்தாழ நிழற்படம் எனத்தகும் மெய்ம்மையோடு அவர் வரைவதனாலேயே, நடுவில் தோன்றும் பொய்யான கையும் மெய்யென நம்பப்படுகின்றது. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையே விடப்படும் வெற்றிடம் வெறும் எல்லைக்கோடன்று. கதையின் பாதி அங்கேதான் நிகழ்கின்றது. சொல்லாமல் விட்டதை உணர்தல் சங்கச் செய்யுளைக் கற்போனுக்கு வேண்டப்படும் பயிற்சி. அதனைச் சிறுவன் முதன்முதலாகப் பெறுவது இங்கே என்றால் புலவர் சிலர் முகஞ்சுளிப்பர், சுளிக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர் பட்ட பாடும் சிறிதன்று. பேச்சைத் தாங்கும் குமிழி ஆங்கிலச் சொற்களின் அளவுக்கு வரையப்பட்டது. தமிழ்ச் சொற்களோ ஒட்டும் விகுதியும் பெற்று நீளுபவை. ஆதலின் ஒரே கருத்தைச் சுருங்கச் சொல்லும் தேவை எழுந்தது. வியப்பு, அச்சம், ஏளனம் யாவும் இரண்டு மூன்று சொல்லில் அடங்க வேண்டியதாயிற்று. இந்நெருக்கடியிலே பிறந்த தமிழ் சில இடங்களில் மிடுக்குடையது, சில இடங்களில் கொச்சையானது. ஆயினும் பாடநூலுக்கு வெளியே வேறு உரைநடையைக் காணாத இல்லங்களில் அதுவே முதல் உரைநடையாயிற்று.

மாயாவியைத் தீட்டிய பிளாஸ்கோவின் பெயரை அக்காலத்துத் தமிழ்ச் சிறுவர் அறிந்திலர். ஆங்கிலச் சிறுவரும் அறிந்திலர்! பிரித்தானிய வார இதழ்கள் ஓவியர் பெயரை அச்சிடாமையைக் கொள்கையாகவே கொண்டிருந்தன. படத்தின் மூலையில் இட்ட கையொப்பத்தையும் அழித்துவிடுவது அங்கே வழக்கம். புகழ் பெற்ற ஓவியன் கூலியை உயர்த்திக் கேட்பான், அல்லது போட்டி நிறுவனம் அவனைக் கவர்ந்து செல்லும் என்ற அச்சமே இதற்குக் காரணம் என்பர். உழைப்பை வாங்கி உழைத்தவன் பெயரை மறைத்தல் மலைநாட்டார்க்குப் புதிதாகத் தோன்றாது. தேயிலைப் பெட்டியின் மேல் தோட்டத்தின் பெயருண்டு. கொழுந்து கொய்தவள் பெயரில்லை.

இவ்வகையில் நெஞ்சை உறுத்தும் நிகழ்ச்சி ஜெரி சீகலுடையது. 1938ஆம் ஆண்டிலே சுப்பர்மேன் என்னும் பாத்திரத்தைப் படைத்தோர் சீகலும் அவர் நண்பரான ஓவியர் ஜோ ஷூஸ்டரும் ஆவர். அதன் உரிமையை அவர்கள் 130 டொலருக்கு விற்றுவிட்டனர். பாத்திரம் கோடிக்கணக்கிற் பொருள் ஈட்டியபோது படைத்தோர் வறுமையில் வாடினர். 1975ஆம் ஆண்டிலேயே, பலருடைய கிளர்ச்சியின் பின், ஆண்டு ஓய்வூதியமும் பெயர் பொறிக்கப்படும் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்தன. இதற்கிடையே 1960களில் சீகல் இங்கிலாந்தின் ‘லயன்’ வார இதழுக்கு ‘ஸ்பைடர்’ என்னும் கதையைப் பெயரின்றி எழுதி வந்தார். படம் ரெஜ் பன் என்பாருடையது. அதே ஸ்பைடர் பின்னர்த் தமிழில் லயன் காமிக்ஸ் வெளியீட்டில் வந்தபோது, சுப்பர்மேனைப் படைத்தவரின் கதையையே தாம் வாசிக்கின்றோம் என்பது சிறுவர்க்குத் தெரியாது.

லயன் காமிக்ஸ் 1984ஆம் ஆண்டு சௌந்தரபாண்டியனின் மகன் விஜயனால் தொடங்கப்பெற்றது. தொடங்கியபோது அவருக்கு அகவை பதினேழு. மலைநாட்டிலே லயன் என்ற சொல்லுக்குப் பொருள் வேறாதலின், சிங்கத்தின் பெயரால் வந்த நூலைத் தோட்டத்துப் பிள்ளைகள் தம் குடியிருப்பின் பெயரால் வந்ததென்று கொள்ளினும் பிழையன்று. அதன் முதற் கதைத்தலைவி மொடஸ்டி பிளேஸ். பீட்டர் ஓ’டொனல் எழுத, ஜிம் ஹோல்டவே 1963 முதல் வரைந்தது. ஹோல்டவே 1970இல் ஒரு கதையின் நடுவிலே திடீரென மறைய, ஸ்பெயின் நாட்டு என்ரிக் ரொமேரோ எஞ்சிய பகுதியை வரைந்து முடித்தார். கூர்ந்து நோக்குவோர் கோட்டின் மாற்றத்தை உணர்வர். அதே 1984ஆம் ஆண்டில் தோன்றிய ராணி காமிக்ஸ் 2005 வரை நடந்து ஓய்ந்தது. லயனும் முத்துவுமோ தொடர்ந்து, இத்தாலியின் டெக்ஸ் வில்லர், பெல்ஜியத்து மொரிஸ் வரைந்த லக்கி லூக், பிரான்சின் ஜீன் ஜிரோ வரைந்த கப்டன் டைகர் முதலியோரைத் தமிழாக்கின. டைகரின் ‘மின்னும் மரணம்’ 2015இல் வண்ணப் பெருந்தொகுப்பாகவும் வந்தது.

இலங்கைக்கு இந்நூல்கள் வந்த வரலாறு நேரானதன்று. முத்து காமிக்ஸ் தோன்றிய காலத்திலேதான் இந்நாட்டு அரசு இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தது. 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னரே கடைகளில் அவை தாராளமாகத் தொங்கின. வலப்பனை, இராகலைப் பகுதிகளிலே புத்தகக் கடை அரிது. ஒரு பிரதி பல கைகள் மாறி, அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் காணாமற்போய், முடிவு தெரியாத கதையாகவே பலரை அடைந்திருக்கும். மலிவுத் தாள் மஞ்சளித்து நொறுங்குவது. மலைமூடுபனியின் ஈரமோ அதனை இன்னும் விரைந்து அழிப்பது.

சித்திரக் கதைகளைக் கண்டிப்போர் கூறுவன யாவும் பொய் என்று ஒதுக்குதல் நேர்மையாகாது. அமெரிக்காவிலே 1954இல் உளமருத்துவர் பிரெட்ரிக் வெர்தாம் இவை சிறுவரைக் குற்றவாளிகளாக்கும் என எழுதியது மிகை. ஆனால் வேறொரு குற்றச்சாட்டு வலியது. லீ போக் 1936இற் படைத்த முகமூடி வீரன், வெள்ளைத் தோலினன். காட்டிலே கபால ஆசனத்தில் அமர்ந்து கறுப்பின மக்களுக்கு நீதி வழங்குபவன். மண்ணின் மைந்தர் முரசறைந்து அவன் ஆணையைப் பரப்புவர். துரையின் பங்களாவை மேட்டிலும் தன் லயத்தைப் பள்ளத்திலும் கண்டு வளர்ந்த பிள்ளை இக்கதையை ஐயமின்றி ஏற்றால், அதன் தீங்கு வெர்தாம் அஞ்சியதினும் ஆழமானது. 1964இல் இந்தியாவிலே வெளிவரத் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், பெங்கல்லா என்ற நாட்டின் பெயரை டெங்காலி என மாற்றிற்று. பெயர் மாறிற்று, ஆசனம் மாறவில்லை. அனந்த் பை 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதா நம் புராணங்களையும் பெரியோர் வரலாற்றையும் எடுத்தாண்டது இதற்கு ஒரு மாற்று எனலாம். ராம் வயிர்க்கர் வரைந்த ‘கிருஷ்ணா’ அவ்வரிசையின் புராணக் கதைகளுக்கு வழிகாட்டிற்று.

இந்நாட்டிலே சிங்களச் சித்திரக் கதை 1951இல் லங்காதீபப் பத்திரிகையில் ஜீ. எஸ். பெர்னாந்து வரைந்த ‘நீலா’வோடு வளர்ந்தது. தமிழிலோ தொடர்ச்சித்திரக் கதையை விடக் கருத்தோவியமே ஓங்கிற்று. அதற்கு மூலவர் கரவெட்டியிற் பிறந்த சி. சிவஞானசுந்தரம். கட்டடக்கலை கற்கப் பம்பாய் சென்ற இவர் கேலிச்சித்திரக் கலையோடு மீண்டு, ‘சுந்தர்’ எனக் கையொப்பமிட்டு வரைந்தார். தினகரனில் இவர் வரைந்த சவாரித் தம்பரும் சின்னக்குட்டியும் யாழ்ப்பாணக் கிராமத்துப் பேச்சு மணம் மாறாது நடமாடினர். 1963இல் இவர் தொடங்கிய ‘சிரித்திரன்’ கொழும்பிலிருந்து பின்னர் யாழ்ப்பாணம் பெயர்ந்து, போர்க்காலத்து இடர்களினூடும் வெளிவந்தது. 1996இற் சுந்தர் மறைந்தார். ஆங்கில இதழில் ஒப்ரே கொலெட் படைத்த ‘சிற்றிசன் பெரேரா’வுக்கும் விஜேசோமவின் ‘புஞ்சி சிங்ஹோ’வுக்கும் அருகே வைத்து எண்ணத்தக்கவர் தம்பர். ஆனால் சவாரித் தம்பருக்கு ஒப்ப நாடறிந்த ஒரு மலைநாட்டுப் பாத்திரம், பிரட்டுக் களமும் கங்காணியும் கொழுந்துக் கூடையும் கட்டங்களில் ஏற, இன்னும் எழவில்லை. வரையும் கைகள் பாடசாலைகள்தோறும் உள. அவை சித்திரப் பாடப் பரீட்சையோடு நின்றுவிடுகின்றன.

பெயரிட்டு வரைந்தோரைப் பற்றி ஒன்று கூறவேண்டும். 1947இல் தோன்றிய ‘அம்புலிமாமா’ முழுமையான சித்திரக் கதையன்று. கதையோடு படம் சேர்ந்த இதழ். அதன் ஓவியர் படத்திலே தம் பெயரை இட உரிமை பெற்றிருந்தனர். தோளில் சடலத்தைச் சுமந்து, கையில் உருவிய வாளோடு மயானத்தில் நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்தவர் சங்கர் எனப்பட்ட கே. சி. சிவசங்கரன். 1924இற் பிறந்து 2020இல் மறைந்த அவருக்கு 2021ஆம் ஆண்டிலே இந்திய அரசு பத்மஸ்ரீ விருதினை வழங்கிற்று. வேதாளத்தை அறிந்த பிள்ளைகள் அனைவரும் அப்படத்தின் ஓரத்திலே அவர் பெயரையும் கண்டிருப்பர்.