கிரகணமும் அறிவொளியும்

1829ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆந் திகதி ஒரு சந்திரகிரகணம் நிகழ்ந்தது. கிரகணம் யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. அது பற்றும் நேரமும் விடும் நேரமும் ஆண்டுதோறும் பஞ்சாங்கத்தில் வருவனவே. ஆயினும் அம்முறை இரண்டு கணிதங்கள் ஒன்றுக்கொன்று முரணாய் நின்றன. ஒன்று அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிதம். மற்றது அயலூராகிய வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் 1823இல் நிறுவிய செமினரியின் கணிதம். கிரகணந் தொடங்கும் நேரத்தில் 15 நிமிடமும், அது நீடிக்குங் காலத்தில் 24 நிமிடமும், மறைவின் அளவில் சந்திரவட்டத்தைப் பன்னிரண்டாகப் பகுத்தாற் போந்த கூறுகளில் மூன்றும் இவ்விரண்டிற்கும் வேறுபாடு இருந்ததென்று, இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனென்ற் 1850இல் வெளியிட்ட நூலிற் காண்கின்றோம். அன்றிரவு வானம் செமினரியின் பக்கமே சாட்சி சொல்லிற்று. செமினரித் தலைவர் டானியேல் பூவர் பாதிரியார் அதனை ஒரு பெருவெற்றியாகக் கொண்டார்.

இது யாருடைய வெற்றி என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள். அறிவொளிக் காலத்து மெய்யியல் யாழ்ப்பாணத்தில் அடியெடுத்து வைத்தது அவ்விரவில் என்று கூறுவாருளர். அக்கூற்றில் உண்மையுண்டு, முழுதும் உண்மையன்று.

ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டை அறிவொளிக் காலம் என்பர். அதன் உட்பொருளை யாதென வினவி, ஜெர்மானிய மெய்யியலறிஞர் இம்மானுவேல் கான்ற் 1784இல் ஒரு சிறு கட்டுரை வரைந்தார். மனிதன் தன் அறிவைப் பிறர் கைத்தாங்கலின்றித் தானே பயன்படுத்தத் துணிதல்தான் அறிவொளி என்பது அவர் கண்ட முடிபு. நமக்காகச் சிந்திக்க ஒரு நூல், நமக்காக மனச்சான்றாய் நிற்க ஒரு போதகர், நாம் உண்பது இன்னதென விதிக்க ஒரு வைத்தியர் என அமைத்துக்கொண்டு வாளா இருப்பவன் எத்துணை கற்றவனாயினும் வயது வராதவனே என்பது அவர் கருத்து. அவர் எத்தனை நூல் கற்றாய் என்று கேட்டாரல்லர். கற்றதை நீயே சோதித்தாயா என்றே கேட்டார். நவீன யுகத்தின் வித்து இவ்வினாவில் உளது.

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு வட்டுக்கோட்டைக்கு மீள்வோம். சாஸ்திரியார் தம் முன்னோர் வகுத்த வாய்பாட்டை நம்பினார். செமினரியார் ஐரோப்பியர் வகுத்த வாய்பாட்டை நம்பினர். அவ்வாய்பாடும் வட்டுக்கோட்டையிற் பிறந்ததன்று. ஒரு நூலை விடுத்து இன்னொரு நூலைத் தலைமேற் கொள்வதனாலே ஒருவன் அறிவொளி பெற்றவன் ஆகான். ஆயின், இரு கணிதத்தையும் தானே போட்டுப் பார்த்து, முற்றத்தில் நின்று நாழிகை எண்ணி, எது பிழைத்தது என்று கண்ணாற் கண்ட மாணவன் ஒருவன் அங்கே இருந்திருப்பானாயின், அவனே கான்ற் தேடிய மனிதன் என்க.

சாஸ்திரியாரின் பிழையை எண்ணி நாணவேண்டியதில்லை. சந்திரன் சூரியனை நோக்க ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ அரைப் பாகை செல்வது. அஃதாவது தன் வட்டத்தின் அகலமே செல்வது. பதினைந்து நிமிடப் பிழையென்பது அவ்வகலத்திற் காற்பங்கு. பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்த மூலவெண்களை மாற்றாது கைக்கொண்ட ஒரு முறை, சந்திரனின் காற்பங்கு அளவே பிசகிற்றென்றால் அது வியத்தற்குரியது. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கக்காரர் சந்திரகதியை 248 வாக்கியங்களில் அடக்கினர். அவ்வாக்கியங்களின் ஒவ்வோரெழுத்தும் ஓரெண். மனனஞ் செய்தவன் ஏடின்றியே கணிப்பான். கர்னல் வாரன் என்பவர் 1825இல் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைக் கண்டு, கிரகணங் கணிக்கும் வகையைக் காட்டுமாறு வேண்ட, அவர் சோகிகளை நிலத்திற் பரப்பி, ஒரு குறிப்பேனும் பாராது, அவ்வாண்டு மே 31ஆந் திகதி இரவு நிகழ்ந்த கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை. வான்கணித வரலாற்றறிஞர் ஓற்றோ நொய்கெபாவர் இருபதாம் நூற்றாண்டில் இந்நிகழ்ச்சியை மீள எடுத்துரைத்து, மிகப் பழைய மரபொன்று அறாது வந்தமைக்குச் சான்றாகப் போற்றினார்.

அறிவொளிக் காலத்து ஐரோப்பியர் நம் பஞ்சாங்கத்தை ஏளனத்தோடு நோக்கவில்லை என்பதும் இங்கே நினைவு கொள்ளத்தக்கது. சுக்கிரன் சூரியனைக் கடக்குங் காட்சியை 1769இற் காணப் புதுச்சேரியில் வந்து தங்கிய பிரெஞ்சு வானியலார் லெ ஜென்ற்றில், அந்நாளில் முகில் மறைத்தமையாற் காட்சியை இழந்தார். பல ஆண்டுகள் கடலில் அலைந்து வந்த மனிதருக்கு வாய்த்த ஊழ் அது! எனினும் அவர் அங்கிருந்த காலத்தைத் தமிழரின் கணிதமுறையைக் கற்பதிற் செலவிட்டு, அதனைப் பாரிசுக்குக் கொண்டுபோனார். அவர் தொகுத்தவற்றையும் பிறர் அனுப்பியவற்றையும் வைத்துப் பாயி என்பவர் 1787இல் இந்திய வானியல் குறித்து ஒரு பெருநூல் எழுதினார். இரண்டாண்டின் பின் பிரெஞ்சுப் புரட்சியின் வாசலில், டெனிஸ் ஆட்டக்கூடத்து உறுதிமொழிக்குத் தலைமை வகித்தவரும் இப்பாயியே. சோகி பரப்பிய தமிழன் கணிதமும் மனிதவுரிமை முழக்கமும் ஒரே மனிதரின் மேசையில் அருகருகே கிடந்தன என்பதை நம் மாணவர் அறிதல் நன்று. பாயி இந்தியக் கணிதத்தின் பழைமையை மிகைப்படக் கூறினார் என்பது பின்வந்தோர் முடிபு; அதனை மறைக்கவேண்டியதில்லை.

இனி, பூவர் பாதிரியார் செய்த அனுமானத்தை நோக்குவோம். பஞ்சாங்கம் பிழைத்தது, ஆதலாற் சாத்திரம் பிழை, சாத்திரம் பிழையாதலாற் சமயமும் பிழை என்று வாதம் ஏறிச்சென்றது. முதற்படி உறுதியானது. மூன்றாம்படிக்கு ஏணியில்லை. கிரகணத்தின் நேரம் அளவையால் அறியப்படுவது. இறைவன் உண்டென்பதோ அத்தகைய அளவைக்கு உட்பட்டதன்று என்பதைக் கான்ற் 1781ஆம் ஆண்டிலேயே விரித்துரைத்தார். மேலும், அமெரிக்க மிஷனார் தம் நாட்டில் அறிவொளிக் கொள்கையினரோடு இணங்கியவரல்லர். பூவர் கற்ற அண்டோவர் குருத்துவக் கல்லூரி, பகுத்தறிவுச் சார்பினால் திரித்துவத்தை மறுத்தவர்களை எதிர்த்து எழுந்த நிலையம். பொஸ்ரனில் எந்த அறிவின் ஆட்சிக்கு அஞ்சினரோ, அதனையே வட்டுக்கோட்டையிற் படைக்கலமாக ஏந்தினர். நம்மவர் சிலர் அக்காலத்து மிஷனை ஒளியின் தூதென்றும் வேறு சிலர் சூழ்ச்சியென்றும் உரைப்பர். இரண்டும் மிகை.

படைக்கலம் எடுத்தவர் கையிலேயே நிற்பதன்று. பேர்சிவல் பாதிரியாரிடம் கல்வி கற்று, விவிலியத் தமிழாக்கத்தில் அவருக்குத் துணைநின்ற ஆறுமுகநாவலர், 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, 1854இற் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டார். சைவக் கிரியைகளைப் பழித்த பாதிரிமாருக்கு, அவர்தம் வேதத்திலேயே அத்தகைய கிரியைகள் விதிக்கப்பட்டிருத்தலை எடுத்துக்காட்டி விடையிறுத்தது அந்நூல். அச்சியந்திரம், உரைநடை, மூலநூலை நேரே எடுத்து ஆராய்தல் என்னும் மூன்றும் நவீன யுகத்தின் கருவிகள். நாவலர் அவற்றை மரபின் காவலுக்கு ஆக்கினார். சாதி குறித்து மட்டும் அவர் அத்தகைய வினாவை எழுப்பவில்லை. செமினரியில் அமர்ந்து கற்றோரும் பெரும்பாலும் மேற்குடியினரே. அவ்வினா பொதுமேடைக்கு வர, 1924இல் தோன்றிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் வரையும், பள்ளிகளிற் சமாசனப் போராட்டம் மூண்ட நாள் வரையும் காத்திருக்க வேண்டியதாயிற்று. சந்திரனின் இயக்கத்தை நிமிடக் கணக்கில் அளந்த ஊர், தன் வாங்கின் வரிசையை அளக்க நூறாண்டு தாழ்த்தது.

செமினரியினுள்ளும் நோக்கு மாறிற்று. பூவருக்குப் பின் தலைமையேற்ற ஒய்சிங்ரன், தமிழ்க் கணித நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்போடும் விளக்கத்தோடும் 1848இற் பதிப்பித்தார். இகழ்தற்கெனத் தொடங்கிய ஆராய்ச்சி அறிதற்கென முற்றியது. மாணவரோ ஆங்கிலமும் கணிதமும் கற்று உத்தியோகம் நாடினர்; பலர் சமயம் மாறினும் உளம் மாறிலர். இதனாற் பயன் குறைந்ததெனக் கண்ட மிஷனார் 1855இற் செமினரியை மூடினர். அதன் மாணவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பீ. ஏ. தேர்விற் சித்தியெய்தினர், பின் இருவரும் சைவத்துக்கே மீண்டனர். தாமோதரம்பிள்ளை ஏடுகளை ஒப்பு நோக்கிக் கலித்தொகையை 1887இல் அச்சேற்றினார். ஏட்டில் உள்ளதனால் மட்டும் ஒரு பாடம் மெய்யாகாது, ஒப்பிட்டே துணிதல் வேண்டும் என்ற அவர் பழக்கம், கிரகணத்தை முற்றத்தில் நின்று சோதிக்கும் பழக்கத்துக்கு உடன்பிறப்பு.

சாஸ்திரியாரின் வழக்கு இன்றும் தீர்ந்ததில்லை. இக்குடாநாட்டு வீடுகளில் இரண்டு பஞ்சாங்கங்கள் வழங்குகின்றன. கொக்குவிற் பஞ்சாங்கம் பழைய வாக்கியமுறையைத் தழுவுவது. மட்டுவிற் பஞ்சாங்கம் இக்கால வானியலளவை கொண்டு திருத்திய திருக்கணிதம். சித்திரை வருடப்பிறப்பின் புண்ணியகாலத்தை இரண்டும் வெவ்வேறு நேரமாகக் காட்ட, எங்கள் வீட்டிலேயே பாட்டியார் ஒன்றைக் கொள்ள, தந்தையார் மற்றதைக் கொள்வார். மருத்துநீர் இருமுறை வைத்த ஆண்டுகளும் உண்டு. சனி கும்பராசிக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17ஆந் திகதி. வாக்கியப்படி அவ்வாண்டு டிசம்பர் 20ஆந் திகதி. பதினொரு மாதம் இடைவெளி! அயனாம்ச வேறுபாட்டைக் கழித்த பின்னரும் இது வானிற் பல பாகை. முழுமதி பலவற்றை வரிசையாய் அடுக்கிய அகலம். சனியோ வெறுங்கண்ணுக்குப் புலனாகும் கோள். அருகிலுள்ள நட்சத்திரங்களினின்றும் அதன் தூரத்தை ஒரு பாகைமானி கொண்டு இரவுதோறும் குறித்து வருவது மேல்வகுப்பு மாணவர் எவர்க்கும் இயலும். எனினும் எப்பஞ்சாங்கம் சரியென்று எம்மிடம் கேட்போரில், அன்றிரவு வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து கேட்டவர் ஒருவரையேனும் யாம் இன்னுங் கண்டிலம்.