மூளை லிம்போமா திரும்பி வந்தால்

"கட்டி மறுபடியும் தெரிகிறது" என்று மருத்துவர் சொல்லும்போது குடும்பமே இடிந்துபோகும். மறுநாளே ஆளுக்கொரு மருத்துவமனையின் பெயரைச் சொல்லத் தொடங்குவார்கள். ஓடுவதற்கு முன் பழைய தாள்களை எடுத்து வையுங்கள். முன்பு எந்த மருந்து, எத்தனை சுற்று, எந்த மாதம் முடிந்தது என்பதைப் பொறுத்தே இனிச் செல்லும் வழி அமையும். எம்.ஆர்.ஐ. குறுந்தகடும் திசுப் பரிசோதனைக் கண்ணாடித் தகடுகளும் கையில் இருக்கட்டும். அறிக்கை மட்டும் போதாது.

இரத்தத்திலிருந்து பல மருந்துகளை மூளைக்குள் விடாத இயற்கைத் தடுப்பு ஒன்று உண்டு. ஆகையால்தான் மெத்தோட்ரெக்சேட் இங்கே மிக அதிக அளவில் ஏற்றப்படுகிறது. நோய் நெடுங்காலம் அடங்கியிருந்து திரும்பியதாயின், சிறுநீரகமும் நன்றாயிருந்தால், அதே மருந்தை மீண்டும் கொடுப்பதுண்டு. சில மாதங்களிலேயே திரும்பியதாயின் சைட்டரபின், ஐபாஸ்பமைடு போன்றவற்றையோ, இப்ருட்டினிப், லெனாலிடோமைடு ஆகிய வாய்வழி மருந்துகளையோ நாடுவார்கள். டிராப்ருட்டினிப் என்னும் மாத்திரையை ஜப்பான் 2020இல் இந்நோய்க்கென்று அனுமதித்தது.

மருந்துக்கு நோய் அடங்கி, உடலும் தாங்குமாயின், நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களைச் சேகரித்து, தியோடெப்பா சேர்ந்த கடும் மருந்துக்குப்பின் திரும்ப ஏற்றுகிறார்கள். நீண்டகால நலத்துக்கு இதுவரை நம்பிக்கை தரும் வழிகளில் இது முக்கியமானது. முழு மூளைக்கதிர்வீச்சு கட்டியைக் குறைக்கும். ஆனால் 60 வயதைக் கடந்தவர்களுக்கு ஞாபகமும் நடையும் பின்னர் தளர்ந்துபோகக்கூடும் என்பதைத் தெரிந்தே சம்மதியுங்கள். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியலும் உருவாக்கி, 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற கார்-டி செல் சிகிச்சையைப் பற்றியும் கேளுங்கள். மூளைக்குள் மட்டுமே உள்ள நோயில் இவ்வகைச் சிகிச்சையின் அனுபவம் குறைவு.

ஒரு காரியத்தில் மிகவும் கவனமாயிருங்கள். டெக்ஸாமெதசோன் கொடுத்த சில நாட்களில் தலைவலி நீங்கும், பேச்சு தெளியும், நோயாளி எழுந்து உட்காருவார். சுகமாகிவிட்டது என்று சாட்சி சொல்லி, சிகிச்சையை நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. அந்த மருந்து லிம்போமாவைச் சில காலம் சுருக்குகிறது, அவ்வளவே. அதைத் தாங்களாகவே திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

அந்தத் தெளிவு இருக்கும் நாட்களிலேயே நோயாளியிடம் கேளுங்கள்: எவ்வளவு தூரம் போக விரும்புகிறார், எதை வேண்டாம் என்கிறார் என்று. நம் வீடுகளில் அவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் கேட்டுவிடுகிறோம்.

வெளியூர் சென்று இரண்டாம் கருத்துக் கேட்பதாயிருந்தால், புற்றுநோயாளிக்கும் உடன்செல்லும் ஒருவருக்கும் இரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றை மருத்துவமனையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.