சிறு நட்டு, பெரும் பொறுப்பு

புது தில்லி: விமானத்தில் நட்டு ஒன்றை முடுக்கிவிட்டால் மட்டும் போதாது, அதிர்வில் கழன்றுவிடாதபடி அதைப் பூட்டியாக வேண்டும்.

வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் போயிங் 737 மேக்ஸ் விமானத்தில், சுக்கானை இயக்கும் இணைப்பில் ஒரு போல்ட்டுக்கு நட்டே இல்லை என்பது 2023 டிசம்பரில் தெரியவந்தது. இந்தியாவிலும் இவ்வகை விமானங்கள் ஆய்வு செய்யப்பட்டன. ஒன்றில் வாஷர் இல்லாதது கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டதாக, சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியில் தெரிவித்தது.

அதே மாதம் 5-ஆம் தேதி, அமெரிக்காவின் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில் கதவு அடைப்பு நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. ஆலையில் ரிவெட்டுகளைச் சீரமைப்பதற்காக அதைத் திறந்தவர்கள், நான்கு போல்ட்டுகளை மீண்டும் பொருத்தவில்லை. திறந்ததற்கான பதிவும் இல்லை.

பதிவேட்டில் ஏறாத வேலையை எந்த ஆய்வாளரும் சரிபார்க்க இயலாது. கழற்றியதை எழுதிவைப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல, பயணிகளின் உயிர்க்காப்பு.