முதலில் கால் நடக்கட்டும், மனசு பின்னால் வரும்

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் ஆபீஸில் அரை நாள் மனஅழுத்தப் பயிற்சி நடத்தினார்கள். மூச்சுப்பயிற்சி, நேர்மறைச் சிந்தனை, மொபைலுக்கு ஒரு செயலி. இதனால் நிஜமாகவே பலன் உண்டா?"

இந்தக் கேள்வியை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃபிளெமிங் பெரிய அளவில் ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார். பிரிட்டனில் 233 நிறுவனங்கள், 46,336 ஊழியர்கள். மனஉறுதிப் பயிற்சி, தியான வகுப்பு, செயலி என எதில் சேர்ந்தவர்களும் சேராதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. தொண்டுப் பணிக்குப் போனவர்கள் மட்டும் விதிவிலக்கு. இது கருத்துக்கணிப்புதான், ஏற்கெனவே வாடிப்போனவர்களே இவற்றில் அதிகம் சேர்ந்திருக்கலாம் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. அப்படிப் பார்த்தாலும், பயிற்சி விற்பவர்கள் சொல்லும் பலனுக்கும் இந்த முடிவுக்கும் இடையே வெகு தூரம்.

அப்படியானால் மருத்துவர் அல்லாத ஒருவரால் இன்னொருவரின் மனச்சோர்வைக் குறைக்கவே முடியாதா? முடியும் என்று கோவாவில் காட்டியிருக்கிறார்கள். மனநல மருத்துவர் விக்ரம் படேலும் அங்குள்ள சங்கத் அமைப்பினரும் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வில் இருந்த 495 பேரிடம் நடத்திய சோதனை 2017இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதோடு ஆறு முதல் எட்டு சந்திப்புகள். எதிரே உட்கார்ந்து பேசியவர்கள் மனநலப் படிப்பு எதுவும் படிக்காத உள்ளூர்க்காரர்கள். மூன்று மாதத்தில் நோய் தணிந்தவர்கள், சந்திப்பு பெற்றவர்களில் 64 சதவீதம், பெறாதவர்களில் 39. அதாவது சந்திப்பு இல்லாமலே கணிசமானவர்கள் தேறியிருக்கிறார்கள். கூடுதல் பலன் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்குத்தான். இவ்வளவு எளிய சிகிச்சைக்கு அது பெரிய எண் என்றே நினைக்கிறேன்.

அந்தச் சந்திப்புகளில் நடப்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. மனச்சோர்வில் இருக்கும் ஒரு பெண் சந்தைக்குப் போவதை நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகாமல் இருந்ததும் ஒரு நிம்மதி: யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், சிரிக்க வேண்டாம். அந்த நிம்மதிதான் கண்ணி. மூளைக்கு அது பரிசு. பரிசு தந்த செயலை மூளை மறுபடி செய்யச் சொல்லும். அடுத்து தங்கை வீட்டுக்குப் போவது நிற்கும், பிறகு தலைக்குக் குளிப்பதும் நிற்கும். மீன் விற்பவர் நலம் விசாரிப்பது, தங்கை குழந்தை மடியில் ஏறுவது என அவற்றோடு ஒட்டியிருந்த சின்னச் சின்ன சந்தோஷங்களும் கூடவே போய்விடும். சந்தோஷம் குறையக் குறைய சோர்வு கூடும். சோர்வு கூடக் கூட இன்னொன்றையும் விடத் தோன்றும். இதற்குச் சோம்பல் என்று பெயர் வைப்பது கொடுமை.

ஆலோசகர் இந்தச் சுழலைச் செயலின் பக்கமிருந்து பிடிக்கிறார். எந்த வேளையில் என்ன செய்தார், அப்போது மனசு எப்படி இருந்தது என்று ஒரு தாளில் குறிக்கச் சொல்கிறார். பிறகு ஒரே ஒரு வேலை: செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு, தெருமுனை வரை, தங்கையோடு. மனசு சரியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அடிபம்பு வறண்டுபோனால் என்ன செய்வோம்? மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடிப்போம். தோல் வாஷர் காய்ந்து சுருங்கிக் காற்று புகுவதால்தான் தண்ணீர் ஏறுவதில்லை. ஊற்றிய நீரில் வாஷர் ஊறிப் பிடித்துக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை நடை அந்தச் சொம்புத் தண்ணீர். வறண்ட பம்புக்கு அதைப் பக்கத்து வீட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்; அதற்குத்தான் ஆலோசகர். ஊற்றிய கையோடு அடிக்காவிட்டால் நீர் கீழே இறங்கிவிடும். அதனால்தான் ஒரே நாளில் முடிக்காமல் வாராவாரம் சந்திக்கிறார்கள்.

இந்த முறைக்கு வித்திட்டவர்களில் ஒருவர் 1970களில் ஆரிகனில் இருந்த பீட்டர் லூயின்சன். 1996இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நீல் ஜேக்கப்சன் குழு, எண்ணங்களைத் திருத்துவதையும் செயலைக் கூட்டுவதையும் சேர்த்துச் செய்யும் சிந்தனைச் சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தது. செயல் பகுதி மட்டுமே முழுச் சிகிச்சைக்கு ஈடான பலன் தந்தது. வரலாறு இதற்கு மேல் வேண்டாம்.

ஆனால் அந்தப் பம்புக்கு அடியில் நிலத்தடி நீரே வற்றியிருந்தால் எத்தனை சொம்பு ஊற்றியும் பயனில்லை. பன்னிரண்டு மணி நேர வேலை, இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் உத்தரவு, விடுப்பு கேட்டால் முறைப்பு என்று இருக்கும் ஆபீஸில் ஊழியருக்கு மூச்சுப்பயிற்சி சொல்லித்தருவது பழியை அவர் தலையில் கட்டுவதாகும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல் வேலைச்சூழலை மாற்றவும் மேலாளர்களுக்குப் பயிற்சி தரவும் பரிந்துரைக்கிறது. அந்த வாசகர் தன் நிர்வாகத்திடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் இந்த விவாதத்துக்கெல்லாம் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். டெலி மானஸ் உதவி எண் 14416.

கோவா முறையையும் யாராவது ஒரு நாள் வகுப்பாக்கி விற்க வரலாம். நம்ப வேண்டாம். அங்கே பயிற்சி மட்டுமே சில வாரங்கள். அதன் பிறகும் ஆலோசகர்கள் வாரந்தோறும் கூடி, தங்கள் சந்திப்புகளின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள்: நோயாளியைப் பேசவிட்டாரா, போன வார வேலையைப் பற்றிக் கேட்டாரா, அடுத்ததை நாள் குறித்து முடிவு செய்தாரா என்று.