ரத்தம் நின்றதும் மாத்திரையை நிறுத்தலாமா?

மலத்தில் ரத்தம் கண்டால் நம் தோட்டங்களில் முதலில் வருவது "மூலச்சூடு" என்ற பேச்சுதான். செம்பனைக் காட்டு வெயில், நேற்றைய காரம் என்று காரணமும் தயாராக இருக்கும். ஆனால் சளியும் ரத்தமுமாக வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீடித்தால், அது பெருங்குடல் புண் அழற்சியாக இருக்கலாம். மலேசியாவில் மற்ற இனத்தவரைவிட இந்தியரிடம் இது அதிகம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. குழாய்விட்டுக் குடலைப் பார்த்தால்தான் உறுதியாகும்.

பெரும்பாலோருக்கு முதல் மருந்து மெசலசின் அல்லது சல்ஃபாசலசின். ரத்தம் நின்றபிறகும் இவற்றைத் தொடர வேண்டும்; நிறுத்தியவர்களுக்குத்தான் நோய் அதிகம் திரும்புகிறது. சல்ஃபாசலசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயம் வேண்டாம். ஆண்களுக்கு விந்தணு குறையலாம். மருந்தை மாற்றினால் சரியாகிவிடும். புண் மலக்குடலோடு நின்றிருந்தால் ஆசனவாயில் வைக்கும் மருந்துக்கே பலன் அதிகம். வெட்கப்பட்டு அதை அலமாரியில் பூட்டி வைப்பதில் பயனில்லை.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு வேறு ரகம். நோய் முற்றும்போது தீயை அணைக்க மட்டும். பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். மாதக்கணக்கில் போனால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். திடீரென நிறுத்துவதும் ஆபத்து. சந்தையில் விற்கும் சில ஜாமு, "மூலிகை" மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சே பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. உறையில் எம்.ஏ.எல். பதிவு எண் இல்லாததைத் தொடாதீர்கள்.

இவை போதாதபோது தரும் அசாதயோபிரினை எடுப்பவர் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. ஆசியரில் சிலருக்கு மரபணு காரணமாக வெள்ளணுக்கள் சட்டென்று சரியும். காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் அன்றே கிளினிக். இன்ஃபிலிக்சிமாப் ஊசிக்கு முன் காசநோய், ஹெப்படைடிஸ் பி சோதனை கேட்டு வாங்குங்கள்.

ஈஜோக்கிலிருந்தோ பெஸ்தாரி ஜெயாவிலிருந்தோ மாதாமாதம் கிள்ளானுக்கு பஸ் ஏறுவதே பலரை மருந்தைக் கைவிட வைக்கிறது. மருத்துவமனை மருந்தகத்தில் "எஸ்.பி.யு.பி." என்று கேளுங்கள், மீதி மாத மருந்தை வீட்டருகே அரசு கிளினிக்கிலேயே வாங்கலாம். விலையுயர்ந்த மருந்தென்றால் மருத்துவ சமூகப்பணி அதிகாரியைப் பாருங்கள். வசதியற்ற குடிமக்களுக்கு மருத்துவ உதவி நிதி உண்டு. வேலைச் சட்டம் 1955-இன்படி எம்.சி. விடுப்பு, பணிக்காலத்தைப் பொறுத்து, ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள். மருத்துவமனையில் படுத்தால் 60 நாள் வரை தனி. சம்பளத்தோடுதான், கிராணி மறுத்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தம் போய், காய்ச்சலோ படபடப்போ வயிற்று உப்பலோ சேர்ந்தால், அடுத்த அப்பாய்ன்ட்மென்ட் வரை காத்திருக்காமல் தஞ்சோங் காராங் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.