தேயிலைக்கடியில் கிடப்பது புலிக்குட்டிதானா?

போன வருடம் எமது பகுதித் தோட்டமொன்றில், கொழுந்தெடுத்துக் கொண்டிருந்த அக்கா ஒருவர் செடிக்கடியில் இரண்டு குட்டிகளைக் கண்டார். "ஐயோ, புலிக்குட்டிங்க! தாய் வந்தா நம்மள விடாது" என்று மலையே கூடிவிட்டது. குட்டிகளைச் சாக்கில் போட்டு லயத்துக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். தகவல் கேட்டுப் போன நாமும் யோசியாமல் "பால் கொடுங்க" என்றோம். பசும்பால் அதுகளின் வயிற்றுக்கு ஒத்துவரவில்லை. இரண்டாம் நாளே கழிச்சல் கண்டு ஒரு குட்டி செத்துப் போனது. மற்றதை எடுத்துப் போக வந்த வனஜீவராசிகள் திணைக்களத்தார்தான், அது சிறுத்தையின் குட்டியே அல்ல, மீன்பிடிப் பூனை என்று சொன்னார்கள்.

இலங்கைக் காடுகளில் சிறுத்தையைத் தவிர இன்னும் மூன்று பூனை இனங்கள் உண்டு. அதில் சாதாரண காட்டுப்பூனை பெரும்பாலும் வரண்ட பிரதேசத்தில் இருப்பது. நம் தேயிலை மலைகளில் நடமாடுவது மற்ற இரண்டும்தான்.

மீன்பிடிப் பூனையை நம் ஆட்கள் கொடுப்புலி என்பார்கள், சிங்களத்தில் ஹந்துன் திவியா. வீட்டுப் பூனையை விட இரண்டு மடங்கு பெரிது. பெரிய கடுவன் 10 கிலோவுக்கு மேலும் இருக்கும். நுவரெலியாக் குளிரிலும் வாழும். ஓடைக்கரையில் காத்திருந்து மீன், நண்டு, தவளை பிடிக்கும், தண்ணீரில் நீந்தும். எலியையும் விடாது. சிறுத்தை என்று மயங்குவது இதைத்தான். பார்த்தவுடன் வாலைக் கவனியுங்கள். சிறுத்தைக்கு நீண்ட வால், இதற்குக் கட்டையான வால். சிறுத்தையின் உடம்பில் பூப் போன்ற வளையங்கள், இதற்கு வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள்.

மற்றது துருப்புள்ளிப் பூனை. துருப்பிடித்த தகரத்தின் நிறத்தில் புள்ளிகள். முழுசாக வளர்ந்தாலும் ஒன்றரைக் கிலோ அளவுதான், நம் வீட்டுப் பூனையில் பாதி கூட வராது! உலகத்திலேயே மிகச் சிறிய பூனைகளில் ஒன்று. இந்தியா, நேபாளம், இலங்கை தவிர வேறெங்கும் காட்டில் இல்லை. மரப்பொந்தில் மட்டுமல்ல, தேயிலைச் செடிக்கடியிலும் குட்டி போடும்.

2012ஆம் ஆண்டு வெளியான இலங்கையின் சிவப்புப் பட்டியலில் இந்த இரண்டுமே அழிவை எதிர்நோக்கும் இனங்கள் என்று போடப்பட்டுள்ளன. சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம்.

வேண்டுமென்று யாரும் இதுகளைக் கொல்லப் போவதில்லை என்பது நமக்குத் தெரியும். காய்கறித் தோட்டத்தைப் பன்றி உழுதுவிட்டால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பிக்கு ஆள் அடையாளம் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் கருஞ்சிறுத்தை சிக்கியது அப்படித்தான். உயிரோடு மீட்டும் மூன்று நாளில் செத்துப் போனது. அது ஊரறிந்த கதையாயிற்று. ஓடைக்கரைக் கம்பியில் ஒரு கொடுப்புலி செத்தால் பத்திரிகையில் வராது, அவ்வளவுதான் வித்தியாசம். கோழிக்குப் பயந்தால் கூட்டை இரவில் இறுக்க மூடுங்கள், கம்பி வேண்டாம்.

குட்டியைக் கண்டால் தொட வேண்டாம். தாய் இரை தேடப் போயிருக்கும், ஆள் சத்தம் கேட்டு ஒளிந்தும் இருக்கும். கங்காணியிடம் சொல்லி அந்த நாலைந்து செடியை அன்றைக்கு விட்டுவிட்டு வேறு நிரைக்குப் போங்கள். நாய்களைக் கிட்ட விடாதீர்கள். பெரும்பாலும் இருட்டிய பிறகு தாய் வந்து வாயில் கவ்விக் கொண்டு போய்விடும். மறுநாள் காலையும் குட்டி அங்கேயே கிடந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள், அல்லது எம்மிடம் சொல்லுங்கள். இந்த முறை பால் கொடுக்கச் சொல்ல மாட்டோம்.